கண் இல்லாத அதிகாரம்

திருக்குறளின் ஏழாவது அதிகாரத்தில் கண் இல்லை. மக்கட்பேறு என்னும் அந்தப் பத்துக் குறள்களைப் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவன்தான் நானும். வங்கிப் பரீட்சைக்குப் படித்தபோது ஒரு தரம், மகளுக்குப் பெயர் வைத்த அன்று மாமனார் வாசிக்கச் சொன்னதற்காக ஒரு தரம் என்று பிற்பாடும் படித்திருக்கிறேன். கண் இல்லை என்ற விஷயம் போன மார்கழியில்தான் உறைத்தது. குழந்தை சின்னக் கையை விட்டுக் கலக்கிய கூழ் நாக்குக்கு வருகிறது. அதன் உடம்பு நம் உடம்பில் படுவது வருகிறது. அதன் பேச்சு செவிக்கு வருகிறது. அடுத்த குறளில் மறுபடியும் செவி; குழலையும் யாழையும் தோற்கடிக்கும் மழலை. வளர்ந்து ஆளான பிறகு ஊரார் அவனைச் சான்றோன் என்பதையும் தாய் காதால் கேட்டுத்தான் மகிழ்கிறாள். பார்ப்பதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. குழந்தையின் முகம், நடை, சிரிப்பு, எதுவும் கிடையாது.

வள்ளுவர் கண்ணை மறக்கிறவர் இல்லை. காமத்துப்பாலில் ஐம்புலன் இன்பமும் ஒரு பெண்ணிடத்தில் இருப்பதாகச் சொல்லும் இடத்தில் பட்டியலே பார்வையில்தான் தொடங்குகிறது. பிரிவில் கண்கள் படும் அவஸ்தைக்குத் தனி அதிகாரம் வைத்திருக்கிறார். பொருட்பாலில் கண்ணோட்டம் என்று இன்னொரு அதிகாரம், கண்ணுக்கு நகை எது என்றுகூட அதில் சொல்லியாயிற்று. அப்படிப்பட்டவர் குழந்தை விஷயத்தில் மட்டும் கண்ணை வெளியே நிறுத்திவிட்டார். காதலியை எட்ட நின்று பார்க்கலாம். குழந்தையை எட்ட நின்று அறிய முடியாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தொட்டால், ருசித்தால், கேட்டால் உண்டு.

புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பியின் பாட்டு (188) கிட்டத்தட்ட இதே இடத்துக்கு வருகிறது. அங்கே குழந்தை கண்ணுக்குத் தெரிகிறது என்று யாராவது ஆட்சேபிக்கலாம். தெரிகிறதுதான். தத்தித் தத்தி வருகிறது, கையை நீட்டுகிறது, இடுகிறது, தொடுகிறது, கவ்வுகிறது, துழாவுகிறது, நெய்ச்சோற்றை மேலெல்லாம் அப்பிக்கொள்கிறது. ஆனால் இது எங்கிருந்து பார்க்கப்படுகிறது என்று யோசிக்க வேண்டும். பலரோடு உட்கார்ந்து சாப்பிடும் செல்வந்தனின் பந்தி அது. குழந்தையின் கை விழுவது அப்பனின் கலத்தில். கவிஞன் நிற்கும் தூரம் ஒரு குழந்தையின் கை எட்டும் தூரம். அந்தத் தூரத்தில் காமிரா வைத்தால் லென்சில் நெய் ஒட்டும், படம் விழாது. படம் விழ வேண்டுமானால் நாலடி தள்ளி உட்கார வேண்டும். நாலடி தள்ளி உட்கார்ந்தவன் கலத்தில் குழந்தையின் கை விழாது. இந்த நாலடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

எங்கள் பக்கத்துக் கிழவிகள் காமிராவுக்குப் பயந்தார்கள். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்றார்கள். இதை அறியாமை என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். குழந்தையின் கன்னத்தில் கரும்பொட்டு வைத்ததும் இதே கிழவிகள்தான். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பது பிறத்தியாருக்கு மட்டும் சொல்லப்பட்ட விதி இல்லை. பெற்றவள் கண்ணே படும் என்று சொல்லித்தான் பொட்டு வைத்தார்கள். பிள்ளைத்தமிழில் முதல் பருவம் காப்பு. குழந்தையைக் கண்கொட்டாமல் பார்த்து நூறு பாட்டுப் பாட உட்காரும் புலவன், முதல் காரியமாகத் தெய்வங்களையெல்லாம் அழைத்துக் காவலுக்கு நிறுத்துகிறான். பார்வை ஒரு பலாத்காரம் என்ற பிரக்ஞை அந்தச் சம்பிரதாயத்துக்குள் இருந்திருக்கிறது.

பிள்ளைத்தமிழைத்தான் நம்முடைய முதல் ஆல்பம் என்று சொல்வேன். பத்துப் பருவம், அதற்கு மாதக் கணக்கு. செங்கீரை ஆடும் மாதம், சப்பாணி கொட்டும் மாதம், நடந்து வரும் மாதம், நிலாவைக் கூப்பிடும் மாதம். ஆணுக்குச் சிறுதேர், பெண்ணுக்கு ஊசல். இன்றைக்குப் பிறந்த குழந்தையை மாதாமாதம் ஒரு போர்வையில் கிடத்திப் பக்கத்தில் எண் எழுதிய அட்டையை வைத்துப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அதன் சட்டகம் முழுக்க அங்கே இருக்கிறது. குழந்தைகள் மட்டும் இல்லை. குமரகுருபரர் மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கிப் பாடும்போது அவர் முன்னால் குழந்தை எதுவும் தவழவில்லை. அவருக்கு இருந்த மொழி பலத்தால் அது கவிதையாயிற்று. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு மாதக் கணக்கு மட்டும் மிஞ்சியது. மடாதிபதிக்கும் அரசியல் தலைவருக்கும்கூடச் சப்பாணி கொட்டியாயிற்று. போஸ் முன்னாலேயே தீர்மானமாகிவிட்டால் குழந்தை தேவைப்படுவதில்லை.

ஸ்டூடியோக்களும் இதைத்தான் செய்தன. பூ வைத்துத் தைத்த சடையோடு ஒரு சிறுமி கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்பாள். முகம் நேராக, சடை கண்ணாடியில். நம் ஊர்ப் பக்கம் ஐம்பது வயது தாண்டிய பெண்கள் வீட்டில் இந்தப் படம் ஒன்று அநேகமாக இருக்கும். பழனியில் மொட்டை போடுவதற்கு முன்னால் பையனுக்குப் பாவாடை கட்டி, பொட்டு வைத்து, பெண்ணாக்கி எடுத்த படமும் இருக்கும். எல்லாம் ஒரே போஸ். ஆனாலும் அந்தப் படங்களில் வேறொன்று இருந்தது. அதைச் சொல்ல யந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

பழைய பெட்டிக் காமிராவில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுத் தேய்த்த கண்ணாடியில் பிம்பத்தைச் சரி பார்ப்பார்கள். பிலிம் சட்டத்தைச் செருகிய மறுநிமிஷம் கண்ணாடி மறைந்துவிடும். அதற்கப்புறம் படம் எடுப்பவருக்கு உள்ளே பார்க்க எதுவும் இல்லை. துணிக்கு வெளியே வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, குழந்தையை வெறுங்கண்ணால் பார்த்து, "இங்க பாரு, குருவி வருது" என்று சொல்லி பல்பை அமுக்குவார். படம் விழும் கணத்தில் இருவரும் நேருக்கு நேராக இருந்தார்கள். பிற்பாடு எஸ்.எல்.ஆர். வந்தது. அதில் பொத்தானை அமுக்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடி எழும்பி வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். எடுத்தவன் பார்க்காத ஒரே கணம் அவன் எடுத்த கணம்தான். இதை ஒரு தத்துவம்போலச் சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அது வெறும் யந்திர அமைப்பு. போன் வந்த பிறகு இருட்டும் போயிற்று. பல போன்கள் நாம் பொத்தானைத் தொடுவதற்கு முன்பிருந்தே பிம்பங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. நாம் தொடும்போது ஏற்கெனவே நடந்ததிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கின்றன. நாம் பார்ப்பது திரையை. குழந்தை திரைக்கு அப்பால் ஒரு கை தூரத்தில் நிற்கிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் லெக்ஸிங்டன் என்கிற ஊரில் சாலி மான் என்ற பெண் தன் மூன்று குழந்தைகளையும் அப்படியொரு பெரிய பெட்டிக் காமிராவில் ஆண்டுக்கணக்காக எடுத்தார். 1992ல் புத்தகமாக வந்து பெரிய சர்ச்சையாயிற்று. குழந்தைகளின் நிர்வாணம்தான் சர்ச்சைக்குக் காரணம். அந்தக் கேள்வி லேசானதல்ல, குழந்தை சம்மதம் சொல்ல முடியுமா என்பதற்கு இன்றைக்கும் யாரும் பதில் சொல்லிவிடவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2015ல் அவர் எழுதிய சுயசரிதை. அசையாமல் நில் என்று பொருள்படும் தலைப்பு. ஆற்றில் நிற்கும் மகனை ஒரு படத்துக்காகக் குளிர்ந்த தண்ணீரில் திரும்பத் திரும்ப நிறுத்தியதை அதில் மறைக்காமல் சொல்கிறார். புகைப்படம் நினைவைக் காப்பாற்றுவதில்லை, அதன் நாற்காலியில் தான் ஏறி உட்கார்ந்துகொள்கிறது என்ற பொருளில் ஒரு வாதமும் வைக்கிறார். வாழ்நாள் முழுக்கப் படம் எடுத்தவர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது. மகன் எம்மெட் 2016ல் இறந்துபோனார். படங்கள் இருக்கின்றன.

இந்தியாவில் இதற்கு முன்னோடியான ஒரு தகப்பன் இருந்தார். உம்ராவ் சிங் ஷேர்-கில் (1870–1954). பஞ்சாபின் மஜீத்தியா குடும்பம், சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தவர், மனைவி ஹங்கேரிக்காரி. மகள் அம்ரிதா 1913ல் புடாபெஸ்டில் பிறந்தார், அடுத்தவள் இந்திரா. புடாபெஸ்ட், சிம்லா, பாரிஸ் என்று வீடு மாறிக்கொண்டேயிருந்த அந்தக் குடும்பத்தைப் பல பத்தாண்டுகள் அவர் விடாமல் எடுத்தார். யாருக்காகவும் இல்லை, விற்பனைக்கும் இல்லை. பிள்ளைகளை எடுத்ததற்குக் குறையாமல் தன்னையும் எடுத்துக்கொண்டார்: தலைமுடியை விரித்துப்போட்டு, சட்டையில்லாமல், யோகிபோல. புத்தகங்களில் அச்சான அந்தப் படங்களைத்தான் பார்த்திருக்கிறேன். அம்ரிதா சிறுமியாக இருக்கும் படங்களிலேயே ஒரு விஷயம் தெரிகிறது. தன்மேல் பார்வை படுகிறது என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும். எப்படி நின்றால் என்ன ஆகும் என்றும் தெரியும். பிற்பாடு தன்னைத்தானே வரைந்து வரைந்து பார்த்த ஓவியர் அங்கேயே தயாராகிவிட்டார் என்று சொன்னால் அது கொஞ்சம் வசதியான விளக்கம்தான், இருந்தாலும் முழுப் பொய் இல்லை. 1941ல் இருபத்தெட்டு வயதில் அம்ரிதா இறந்தார். தகப்பன் இன்னும் பதின்மூன்று வருஷம் இருந்தார்.

இந்திராவின் மகன் விவான் சுந்தரம் 2001-02ல் தாத்தாவின் படங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிப் புதிய படங்கள் செய்தார். வேறு வேறு வருஷத்தில் எடுத்த படங்களிலிருந்து தகப்பனும் மகளும் ஒரே அறைக்குள் வருகிறார்கள். கண்ணாடிகளில் ஒருவர் பின்னால் ஒருவர் தெரிகிறார்கள். இது வேடிக்கை வித்தை என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. குடும்பப் படத்தில் எப்போதும் ஒரு ஆள் குறைவு. எடுத்தவர் இருப்பதில்லை. பேரன் செய்தது அந்த ஆளைப் பிடித்து உள்ளே தள்ளியதுதான். அதற்கு இரண்டு மரணங்களும் அறுபது வருஷமும் வேண்டியிருந்தது.

*

மனோதத்துவக்காரர்கள் இதையெல்லாம் சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சோதனைகளில் அவ்வளவு பக்தி கிடையாது. ஆனால் இரண்டு முடிவுகள் நம் காரியத்துக்கு ஆகும். லிண்டா ஹெங்கல் என்பவர் மாணவர்களை ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போய்ச் சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். முழுதாகப் படம் எடுத்த பொருள்களை அவர்கள் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். பொருளின் ஒரு பகுதியை நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்த நஷ்டம் இல்லை. 2014ல் வெளியானது இது. 2017ல் இன்னொரு குழு தலைகீழாக ஒன்றைக் கண்டது. தாமே விரும்பிப் படம் எடுப்பவர்களுக்குப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது, கேட்டது மறந்துபோகிறது. கண் கூர்மையாகிக் காது மந்தமாகிறது. ஏழாவது அதிகாரத்தின் நேர் எதிர்முனை.

அந்தச் சோதனையில் இன்னொன்றும் இருந்தது. காமிரா இல்லாமல், மனதுக்குள் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னவர்களுக்கும் இதே விளைவுதான். அதாவது குற்றம் யந்திரத்துடையது அல்ல. இதைப் படித்ததிலிருந்து எனக்கு நம் கவிதையைப் பற்றித்தான் யோசனை.

வத்தலக்குண்டு எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே வளர்ந்த சி.சு. செல்லப்பா காமிராவும் பிடித்தவர், ஜல்லிக்கட்டைப் படம் எடுத்தவர். ஆனால் 'வாடிவாசல்' எழுதும்போது அவர் காமிராவை நம்பவில்லை. அந்தக் குறுநாவல் பெருமளவு பேச்சாக இருக்கிறது: பிச்சி, மருதன், பக்கத்தில் நிற்கும் கிழவன், கூட்டத்தின் குரல். மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால் மாட்டைப் பற்றிக் கேட்கிறோம். அப்பனைக் கொன்ற காளையை மகன் அணையப் போகிற கதை அது. நிழற்படம் எடுக்கத் தெரிந்தவன் காதை நம்பி எழுதினான் என்பதைக் கவனிக்க வேண்டும். அதே செல்லப்பா 1959ல் ஆரம்பித்த 'எழுத்து'வில்தான் புதுக்கவிதை தன் கால்களை ஊன்றியது. அங்கிருந்து கிளம்பியதில் படிமம் மட்டும் கையோடு வந்தது, பேச்சு விடுபட்டுவிட்டது என்பது என் கட்சி. சந்தம் போயிற்று, போகட்டும். காதும் அதோடு போனது. தருமு சிவராம் போன்ற ஒரு மேதைக்குப் படிமமே போதுமாயிருந்தது. மற்றவர்கள் கையில் அது மனதுக்குள் எடுக்கும் போட்டோவாயிற்று. கண்ணில் பட்ட கணத்திலேயே சட்டகம் போட்டு, ஓரங்களை வெட்டி, கடைசி வரிக்குத் தயார் செய்துவிடுவது.

குழந்தைகளைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் கவிதைகளை எடுத்துப் பாருங்கள். குழந்தை ஒன்று கேட்கும். பெரியவர்களுக்குத் தோன்றாத ஒரு கேள்வி. கவிஞர் அயர்ந்துபோய் நிற்பார். கவிதை முடியும். குழந்தைக்கு மலச்சிக்கல் வருவதில்லை, பிடிவாதம் இல்லை, பக்கத்து வீட்டுப் பையனைக் கடிப்பதில்லை. ஒரு கவிஞரின் குழந்தை கேட்பதை இன்னொரு கவிஞரின் குழந்தையும் கேட்கிறது. எந்தக் குழந்தைக்கும் தனிக் குரல் இல்லை. இவற்றைப் பிள்ளைத்தமிழின் கடைசிக்கால நகல் என்று சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்; முதல் நகல் என்னுடையது.

ஐந்து வருஷம் முன்பு இதே பத்திரிகையில் என் கவிதை ஒன்று வந்தது. மறந்திருப்பீர்கள், அது நல்லதே. ஆத்தூர் காமராஜர் அணைக் கரையில் ஒரு சின்னப் பெண். தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் மலையைப் பார்த்து, மலை நனைந்துவிடாதா என்று அப்பனைக் கேட்கிறாள். அவ்வளவுதான் கவிதை. இரண்டு நண்பர்கள் கடிதம் எழுதினார்கள். ஒருவர் இதைத்தான் பிரத்யக்ஷம் என்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மகளுக்கு இப்போது எட்டரை வயது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். போன மார்கழியில் அலமாரியை ஒழுங்கு செய்த அன்று பழைய இதழை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்தாள்.

"இது நானாப்பா?"

ஆமாம் என்றேன். கொஞ்சம் பெருமையோடுதான்.

"நான் இப்படிக் கேக்கலையே."

மூன்றரை வயதில் கேட்டது உனக்கு எப்படி நினைவிருக்கும் என்றேன். அவள் அழுத்தமாகச் சொன்னாள்: "பயமா இருக்குன்னு சொன்னேன். தண்ணி கிட்ட வருதுன்னு சொன்னேன்."

நான் போனில் தேடினேன். ஏழாயிரத்துச் சொச்சம் படங்களில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் படங்கள் பதினெட்டு இருந்தன. திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணீர் போகும் அணை அது, மழை நல்லபடியாகப் பெய்த வருஷம், தண்ணீர் நிறைந்திருந்தது. பின்னால் மலை. முன்னால் கண்கள் அகன்ற குழந்தை. அந்தக் கண்களை அதிசயம் என்று இத்தனை நாள் படித்திருக்கிறேன். கீழ் ஓரத்தில் நீட்டிய ஒரு சின்னக் கை, தெளிவில்லாமல். அது மலையைக் காட்டுகிறது என்று நினைத்திருந்தேன். மலை அவளுக்குப் பின்னால் இருக்கிறது. கை என்னைப் பார்த்து நீண்டிருக்கிறது.

சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள்: "அவ உங்க கையைப் பிடிக்க வந்தா. உங்க கையிலதான் போன் இருந்துச்சே. நான் போய்த் தூக்குனேன்." பதினெட்டுப் படங்களில் பதினேழாவதில் ஒரு புடவைத் தலைப்பு குறுக்கே வருகிறது. பதினெட்டாவதில் வெறும் தண்ணீர்.

கவிதையைப் பொய்யாக எழுதினேன் என்று ஒப்புக்கொண்டு தப்பித்துவிடலாம். விஷயம் அதைவிட மோசம். நான் பொய்யாக எழுதவில்லை. அவள் அந்தக் கேள்வியைக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. மழலையோடு, நனைவதற்கு அவள் சொல்லும் சொல்லோடு, குரலே கேட்கிறது. இன்றைக்கும் கேட்கிறது. அவள் பயமாக இருக்கிறது என்று சொன்னதுதான் எவ்வளவு முயன்றும் கேட்கவில்லை. எட்டு வயதுக் குழந்தையின் ஞாபகத்தையும் முழுதாக நம்ப முடியாதுதான். அம்மா பல தரம் சொல்லிக் கேட்டதாகவும் இருக்கலாம். ஆனால் படத்தில் அந்தக் கை இருக்கிறது. படம் எடுத்தவன் பார்க்காததைப் படம் பார்த்து வைத்திருக்கிறது. ஆகவே படத்தைத் திட்டவும் எனக்கு வாயில்லை. படத்தைவிடக் கவிதை அதிகம் திருடியிருக்கிறது.

*

இதோடு நிறுத்தியிருந்தால் காமிராவைக் கீழே வை, குழந்தையோடு இரு என்ற உபதேசம் தயார். இப்போது அந்த உபதேசம் எல்லா வாரப்பத்திரிகையிலும் கிடைக்கிறது. சும்மா இரு என்று அருணகிரியும் தாயுமானவரும் ஏங்கிய நிலையைப் பத்து நிமிஷப் பயிற்சியாக விற்கிறார்கள். அதை நான் எழுத முடியாமல் செய்தது வங்கியில் நடந்த ஒரு காரியம்.

சின்னாளபட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். தறி வேலை. ஒரே பையன் விபத்தில் போய்விட்டான்; கணக்கில் கிடந்த சொற்பத் தொகைக்கு மனு. வேண்டிய காகிதங்களைச் சரி பார்த்து, பையன் கணக்குத் தொடங்கியபோது கொடுத்த விண்ணப்பத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். மூலையில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் அளவுப் படத்தை அவர் பார்த்துவிட்டார். பணத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

"தம்பி, அந்தப் படத்தை மட்டும் பிச்சுக் குடுத்துருங்களேன். பெரியவனா ஆனதுக்கப்புறம் எடுத்தது எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. போன்ல வச்சிருந்தான், போனும் அவனோட நசுங்கிப் போச்சு."

விண்ணப்பத்திலிருந்து பிய்க்க முடியாது. என் போனில் அந்தப் படத்தை எடுத்து, மாலையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கும் கடையில் பெரிதாக்கிக் கொடுத்தேன். விதி இதற்கு இடம் தருகிறதா என்று பார்க்கவில்லை. படத்தில் அந்தப் பையன் வெள்ளைத் துணிக்கு முன்னால், காது இரண்டும் தெரிய, எந்த உணர்ச்சியும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான். கலை என்று எதுவும் அதில் கிடையாது. எடுத்தவர் அவனைப் பார்த்திருக்கவே மாட்டார். தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லியிருப்பார். அந்த அம்மாள் அதை வாங்கித் தலைகீழாக, நேராக, பக்கவாட்டில் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விரலால் அந்தக் காதைத் தொட்டார்.

ரோலான் பார்த் 1980ல் எழுதிய புகைப்பட நூலில், இறந்துபோன தாயைத் தேடுகிறவராய் ஒரு படத்தைக் கண்டெடுக்கிறார். 1898ல் எடுத்தது, தாய் அதில் ஐந்து வயதுச் சிறுமி. கடைசி நோயில் அவளுக்குத் தான் செய்த பணிவிடையில் அவள் தனக்குக் குழந்தையாகிவிட்டாள் என்கிறார், பிள்ளை பெறாத அந்த மனிதர். நூல் முழுக்க அந்த ஒரு படத்தைச் சுற்றியே நகர்கிறது, அதை மட்டும் அச்சிடவில்லை. உங்களுக்கு அது யாரோ ஒரு சிறுமியின் படம் என்பது காரணம். இதை பி.ஏ. முடித்த சூட்டில் முதல் தரம் படித்தபோது சாமர்த்தியம் என்று நினைத்தேன். சின்னாளபட்டி அம்மாளின் விரலைப் பார்த்த பிறகு அவர் ஏன் அச்சிடவில்லை என்பது எனக்குப் புரிந்தது. நான் என் மகளை அச்சிட்டுவிட்டேனே என்பதும்.

பாரதிக்கு எஞ்சியிருப்பவை ஐந்து புகைப்படங்கள் என்பார்கள். புதுச்சேரியில் எடுத்த ஒன்றில் செல்லம்மாளோடு பெண்கள் இருவரும் இருக்கிறார்கள். எல்லோரும் காமிராவை முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீட்டில் என்ன பாட்டுக் கேட்டது, அப்பா எப்படிக் கூப்பிட்டார் என்பதெல்லாம் சகுந்தலா வளர்ந்து எழுதியபோதுதான் நமக்குக் கிடைத்தது. அங்கே குழந்தை அப்பனை எழுதினாள். அந்தத் திசையில் எழுதப்படுவதற்கு நான் காத்திருக்க வேண்டும். எனக்குச் சாதகமாக இருக்கும் என்று உறுதி இல்லை.

மகளைப் படம் எடுப்பதை நான் நிறுத்திவிடவில்லை. தை மாதம் மறுபடி அணைக்குப் போனோம். தண்ணீர் உள்ளே வாங்கியிருந்தது, கரையெல்லாம் சேறு. நாலு படம் எடுத்தேன். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன், கேட்டதும் அவள் செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டுத் தலைமுடியைச் சரி செய்துகொண்டு நின்றாள், அது இன்னொரு சிக்கல். அப்புறம் போனைப் பிடுங்கி என்னை ஒன்று எடுத்தாள். பாதி நெற்றியும் ஒரு காதும்.

தொகுப்பு போடும் நண்பர் இந்த மாதம் எழுதிக் கேட்டிருந்தார், அணைக்கட்டுக் கவிதையைச் சேர்க்கலாமா என்று. மகளிடமே கேட்டேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "போட்டுக்கப்பா. நான் சொன்னேன்னு மட்டும் போடாத" என்றாள்.